மஞ்சள் வீட்டு மரப்படி

எங்கள் தொழிலில் முன்னால் நடப்பவருக்கு ஒரு வேலை, பின்னால் நடப்பவருக்கு ஒரு வேலை. முன்னால் போகிறவர் பேச வேண்டும். பின்னால் வருகிறவர், பூனையைப் படம் எடுக்க ஒதுங்கியவரையும் செருப்பு வார் அறுந்தவரையும் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று சுவரில் சாய்ந்துவிட்டவரையும் ஓட்டிக்கொண்டு வந்து கூட்டத்தில் சேர்க்க வேண்டும். நான் பின்னால் நடப்பவன். கம்பெனியில் எனக்கு 'வால்' என்று பெயர். முன்னால் பேசிக்கொண்டு போவது என் மனைவி. வீட்டில் யார் தலை, யார் வால் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

ஊரின் பழைய பகுதியை, துரைமார் கட்டிவிட்டுப் போன தெருக்களை, நடத்தியே சுற்றிக் காட்டுகிறோம். மணிக்கூண்டில் ஆரம்பித்து, பழைய கோர்ட்டு, சிறைச்சாலைச் சுவர், துரைமார் குடியிருந்த தெரு, பாங்குக் கட்டடம் என்று போய்த் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில் முடியும். செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டி விடுகிறார்கள், எங்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. கல் பாவிய தெரு படத்தில் பார்க்க அழகுதான். தினமும் அதில் நடந்து பாருங்கள், போட்ட துரையை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவீர்கள். எனக்குக் குதிகால் போய்விட்டது. அவளுக்கு இரண்டு முழங்காலும். போதாக்குறைக்கு அவள் பின்பக்கமாக நடப்பவள். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் பேச்சு உள்ளே இறங்கும் என்பாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்தும் பேசித்தான் வருகிறாள், எவ்வளவு இறங்கியது என்பது வேறு விஷயம்.

துரைமார் தெருவின் நடுவில் ஒரு மஞ்சள் வீடு. அதில் இருப்பவர் அவளுடைய அக்கா. சகலை உயிரோடு இருந்தவரைக்கும், நடை முடிந்ததும் நாங்கள் அங்கேதான் போய் விழுவோம். அக்கா வெந்நீர் போட்டுக் கொடுப்பார். சகலை என் குதிகாலைப் பார்த்து, "வாலுக்கு வலி வந்தா தலைதான்யா தைலம் தேய்க்கணும்" என்று சிரிப்பார்.

அந்த வீட்டுக்குள்ளே ஒரு மரப்படிக்கட்டு உண்டு. நடுவில் தாங்கும் தூண் இல்லாமல், ஒரே வளைவாக மாடிக்குப் போகும். என் மனைவியின் பேச்சில் அதற்குத் தனி இடம். வாசலில் கூட்டத்தை நிறுத்தி, "துரை காலத்துப் படி. இன்னைக்கு வரைக்கும் ஒரு பலகைகூட மாத்தல. இதுல ஒரு தடவை ஏறி இறங்கினவங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க" என்பாள். கூட்டம் அண்ணாந்து பார்க்கும். மாடி ஜன்னலிலிருந்து சகலை கை ஆட்டுவார்.

சகலைக்கு வயதாக ஆக, அந்தப் படி அவரோடு ஒத்துப்போகவில்லை. பலகை வழுக்கியது, ஆடியது. மாற்றிப் போட அனுமதி கேட்டு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். பழமை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். பழமைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மழைநாளில் சகலைதான் மேல்படியில் வழுக்கிக் கீழ்ப்படியில் வந்து விழுந்தார். அதோடு எழுந்திருக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து, அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது நடந்தது. வேறு தொழிலில் இப்படி ஒரு தவறு நடக்குமா என்று தெரியவில்லை. ஒரே பேச்சை வருஷக்கணக்காகப் பேசினவர்களுக்கு, அந்தந்த இடம் வந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மனசு அழுதுகொண்டு வீட்டிலேயே கிடந்தாலும் வாய் வேலைக்குப் போய்விடும். மஞ்சள் வீட்டு வாசலில் நின்று, நல்ல கணீர்க் குரலில், "இதுல ஒரு தடவை ஏறி இறங்கினவங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க" என்று சொல்லி முடித்தாள். முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்தினாள். மாடி ஜன்னலின் இரண்டு கதவும் படார் என்று சாத்திக்கொண்டன.

அன்று சாயங்காலமே ஓடினோம். கதவைத் தட்டத் தட்ட, உள்ளேயிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. "யாரு? படிக்கட்டைப் பாக்க வந்தீங்களா?"

அதற்கு மேல் எப்படித் தட்டுவது? ஆள் விட்டுப் பார்த்தோம், போன் செய்து பார்த்தோம். பலன் இல்லை. என் மனைவி படியைப் பேச்சிலிருந்தே எடுத்துவிட்டாள். ஆனால் அந்த வாசலில் நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை. படி இருந்த இடத்தில் வேறொன்றைப் பேச ஆரம்பித்தாள்.

"இந்தத் தெருவுல பொறந்து வளர்ந்த ஒரு பொண்ணுக்குப் போன வாரம் பேத்தி பொறந்திருக்கு. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. குழந்தைக்கு அப்படியே அவ பெரிய பாட்டி மூக்கு."

பிறந்தது எங்கள் பேத்திதான். வந்தவர்கள் இதையும் சரித்திரம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். முழங்காலுக்கு ஊசி போட்டது, மகனுக்கு வேலை மாறியது, என் பல் ஒன்று விழுந்தது எல்லாமே அந்த வாசலில் உரக்க அறிவிக்கப்பட்டது. என் பல் விழுந்த சேதியைக் கேட்டு ஒரு பெரியவர், "அது எந்த நூற்றாண்டு?" என்றார்.

அந்த வீட்டைத் தாண்டியதும் அவள் திரும்பி, எல்லாரையும்போல் முன்பக்கமாக நடப்பாள். வழி நெடுகப் பின்பக்கமாக நடப்பவளுக்கு அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வராது. கடைசியில் வருகிறவன் நான்தான் பார்க்க வேண்டும். கூட்டம் நகர்ந்ததும், சாத்திய ஜன்னல் கதவில், வெளிச்சத்துக்காக அடுக்கியிருக்கும் சாய்வுப் பலகைகளில் ஒன்று மட்டும் உள்ளேயிருந்து மெல்லத் தூக்கும். பாங்கு முனையில் நான் போய்ச் சேர்ந்ததும் அவள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து கேட்பாள்.

"திறந்துச்சா?"

"ம்."

அவ்வளவுதான். அதில் அவளுக்கு மீதி வழி நடக்கத் தெம்பு வந்துவிடும். திறக்காத நாட்களிலும் "ம்" என்று சொல்லியிருக்கிறேன். சுங்கக் கிடங்கு வரை அவளை நடத்திக் கூட்டிப் போக வேண்டுமே.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு தெருக்காரர்கள் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார்கள், சுற்றிக் காட்டுகிறவர்களின் இரைச்சல் தாங்கவில்லை என்று. மேனேஜர் ஒரு பெட்டி நிறையக் காதுக்கருவிகளோடு வந்தார். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. அவள் சட்டையோரம் ஒரு குட்டி மைக். அதில் கிசுகிசுத்தால் போதும், தெருக்கோடி வரைக்கும் எல்லார் காதிலும் கேட்கும்.

"உங்க தொண்டைக்கும் நல்லதுதானே மேடம்" என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான். அவருக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "அக்காதான் புகார் கொடுத்திருப்பா."

"தெருவுல எத்தனை வீடு இருக்கு. அவங்கதான்னு எப்படிச் சொல்ற?"

"என் குரல் கேக்கவே கூடாதுன்னு வேற யாருக்கு இருக்கு?"

தைலத்தை எடுத்து அவள் முட்டியில் தேய்க்க ஆரம்பித்தேன்.

மறுநாளிலிருந்து எங்கள் ஊர்வலம் ஊமை ஊர்வலமாகிவிட்டது. மஞ்சள் வீட்டு வாசலில் அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். வந்தவர்கள் காதில் பேத்திக்குக் கடைவாய்ப் பல் முளைத்த சேதி விழும். அது போக வேண்டிய காதுக்குப் போகவில்லை. சாய்வுப் பலகையும் தூக்கவில்லை. "திறந்துச்சா?" என்று கேட்பாள், நானும் "ம்" என்பேன். நாலாவது நாள், "பொய் சொல்லாதீங்க" என்றாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். நடையும் தளர்ந்துபோயிற்று. மணிக்கூண்டுப் படிகளில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தச் சனிக்கிழமையோட நிறுத்திக்கலாங்க. என்னால முடியல. யாருக்காகக் கத்தினேனோ அவளுக்கே கேக்கலைன்னா எதுக்கு நடக்கணும்?"

எனக்கும் கால் ஓய்ந்துதான் போயிருந்தது. சரி என்றேன். ஆனால் நிறுத்திவிட்டால் அந்த வாசலுக்குப் போக எங்களுக்கு இருக்கிற ஒரே சாக்கும் போய்விடும். இருவருக்கும் அது தெரியும்.

சனிக்கிழமை கூட்டம் பெரிது. தொப்பிக்காரர் ஒருவர் கதவுக்குக் கதவு படம் எடுத்துக்கொண்டு என் உயிரை வாங்கினார். மஞ்சள் வீட்டு வாசலில் அவள் மாடி ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் காதில் அவள் குரல் கேட்டது. பேத்தி, பல் எதுவும் இல்லை.

"இந்த வீட்டுக்குள்ள ஒரு மரப்படி இருக்கு. ரொம்ப வருஷமா அதைப் பெருமையா சொல்லிட்டு இருந்தேன். அந்தப் படியில விழுந்துதான் எங்க அத்தான் போயிட்டாரு. எனக்கு அப்பா மாதிரி அவரு. அவரு போன கொஞ்ச நாள்லயே நான் இதே இடத்துல நின்னு, இந்தப் படியை யாரும் மறக்க மாட்டாங்கன்னு சொன்னேன். மேல எங்க அக்கா உக்காந்து கேட்டுட்டு இருந்தா. வாய் பழகிப்போச்சுங்க. வாய்க்கு யாரு செத்தாங்கன்னு தெரியாது. வாங்க, நடந்துக்கிட்டே சொல்றேன்."

கூட்டம் சத்தமில்லாமல் அவள் பின்னால் போயிற்று. தொப்பிக்காரர்கூடப் படம் எடுக்கவில்லை. நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். அப்போது எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அக்கா வாசலில் நின்றார். இளைத்திருந்தார். என்னைப் பார்க்காமல் தெருக்கோடியைப் பார்த்தார்.

"அவ தொண்டைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லியே அக்கா."

"பொய் சொல்லாதீங்க. ஒரு வாரமா ஜன்னல் இடுக்கு வழியா பாக்குறேன். வாய் அசையுது, சத்தம் வரல. டாக்டர்கிட்ட காட்டினீங்களா இல்லியா? ஊசி போட்ட முட்டியோட இந்தக் கல்லுல வேற நடக்க விட்டிருக்கீங்க."

தங்கை குரல் காதில் விழக்கூடாது என்று அக்கா செய்த ஏற்பாடு இது என்று ஒரு வாரமாக நாங்கள் குமைந்துகொண்டிருக்க, அவர் தங்கைக்குக் குரலே போய்விட்டது என்று ஜன்னலுக்குப் பின்னால் தவித்திருக்கிறார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. என் கருவியைக் கழற்றி அவர் காதில் வைத்தேன்.

அவர் முதலில் பதறினார். பிறகு கருவியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்தார். என்ன கேட்டாரோ தெரியாது. எனக்குக் காதில் ஒன்றும் இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை யாருகிட்ட சொல்லிட்டிருக்கா?"

"சுத்திப் பாக்க வந்தவங்ககிட்ட."

"நான் கேக்குறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

கருவியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கதவு திறக்கவில்லை. வால் இல்லாமல் கூட்டம் எங்கே சிதறுமோ என்று நொண்டிக்கொண்டே ஓடினேன்.

பாங்கு முனையில் கூட்டம் நிழலில் ஒதுங்கியிருந்தது. அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. கடைசி நாள் என்பதாலோ என்னவோ, கேட்டுவிட்டாள்.

"திறந்துச்சா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு பாட்டிலை மூடினாள். நான் அவள் மைக்கைக் காட்டினேன்.

"ஜன்னல் திறக்கல. ஆனா என் காதுல இருந்தது இப்ப உங்க அக்கா காதுல இருக்கு. நீ சொன்னது அவங்களுக்குக் கேட்டுச்சு. இப்பவும் கேக்கும். பேசு."

மைக்கைப் பிடித்தாள், விட்டாள். கூட்டம் முழுவதும் காதில் கருவியோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் அவள் மெல்லத் திரும்பி, இரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். பிறகு சின்னப் பிள்ளைபோல, "முட்டி வலிக்குதுக்கா. வீட்டுக்கு வரட்டுமா?" என்றாள்.

அந்தக் கருவியில் போகிற பேச்சு போகும், பதில் வராது. எல்லாரும் மஞ்சள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வர அக்கா அந்தப் படியில்தான் ஏறிப் போக வேண்டும், அவருக்கும் வயதாகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படார் என்று சத்தம் கேட்டது. மாடி ஜன்னலின் இரண்டு கதவும் வெளிச்சுவரில் போய் மோதின. அக்கா பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் மைக் இல்லை. இரைச்சல் தாங்கவில்லை என்று புகார் கொடுத்த அந்தத் தெரு மொத்தமும் எட்டிப் பார்க்கும்படி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"வாடி! படியில கைப்பிடியைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு ஏறு!"