கம்பி இறங்கும் ஆழம்

ஹைமானா மேட்டில் கம்பி இரண்டு முழம் இறங்கினாலே ஊர் வாயைப் பிளக்கும். அங்கே ஒரு வருடம் கோதுமை போடுவார்கள், மறு வருடம் நிலத்தை வெறுமனே விட்டு மழையையும் பனியையும் மண்ணுக்குள் சேர்ப்பார்கள். சேர்ந்த ஈரத்தைப் பார்க்க, இரும்புக் கம்பியை உடம்பு பாரமெல்லாம் கொடுத்து அழுத்துவார்கள். ஈரம் உள்ள மட்டும் இறங்கும். காய்ந்த மண்ணில் முட்டினால் நின்றுவிடும். அந்த ஆண்டு ஜூன் மாதமே துர்சுனின் தரிசில் மூன்று முழம் இறங்கியது. மே தொடங்கியதிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை.

"ராவோட ராவா வாளியில மொண்டு ஊத்துறியாடா?" என்று டீக்கடையில் சீண்டினார்கள். துர்சுன் சிரித்தான். போன இரண்டு விளைச்சலும் விதைக்குக்கூடத் தேறாமல் போனவன், சிரித்துவிட்டுப் போகட்டுமே.

அவன் மனைவி குல்சுமுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிசைந்த மாவு துணி போட்டு மூடுவதற்குள் காய்ந்து வெடித்தது. முற்றத்து மல்பெரி மரம் ஜூலையிலேயே இலையைக் கொட்டியது. பிறகு அவளுக்குப் பால் வற்றியது. ஆறு மாதக் குழந்தை யாஷாருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். கிண்ணம் கிண்ணமாகக் குடித்தான். இடுப்புத் துணி மட்டும் நனையவே இல்லை. குடித்ததெல்லாம் எங்கே போகிறது? உச்சிக்குழி நாளுக்கு நாள் உள்ளே போனது. அழுதால் கண்ணீர் இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். போன அன்றே துணி நனைந்தது, அவளுக்கு மாரும் கனத்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் துர்சுன் வந்து நின்றான்.

"கிளம்பு புள்ள. வீட்டுல வேலை கிடக்கு."

"விதைப்பு வரைக்கும் எங்கம்மா வீட்டுல இருந்துட்டு வாரேங்க. பிள்ளை தேறட்டும்."

"மாசக்கணக்குல அங்க என்ன? ஊரு காறித் துப்பும்."

திரும்பிய மறுநாளே பிள்ளையின் துணி மறுபடி காய்ந்துவிட்டது. அந்த வாரம் கம்பி கைப்பிடிவரை இறங்கியது.

குல்சும் தானே தரிசுக்குப் போய்ப் பார்த்தாள். மேலே புழுதி சாம்பலாகக் கிடந்தது. கையால் ஒதுக்கினாள். கீழே மண் குளிர்ந்து, தொட்டதும் விரலில் ஒட்டியது. முகர்ந்தாள். பிள்ளையின் கழுத்து மடிப்பில் வீசும் அதே புளித்த பால் வாடை.

வெள்ளிக்கிழமை துர்சுன் தொழுகைக்குப் போனதும் பக்கத்து வீட்டு ஹனிஃபேயைக் கூப்பிட்டாள்.

"மதினி, டிராக்டருல ஆழக் கலப்பையை மாட்டணும். ஒரு கை பிடிங்க."

"உனக்கென்ன கிறுக்கா? ஆகஸ்ட் வெயில்ல பொரட்டிப் போட்டா அத்தன ஈரமும் ஒரே மத்தியானத்துல ஆவியாப் போயிருமேடி!"

"போகட்டும்னுதான் மதினி."

ஹனிஃபே குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். கலப்பையைத் தூக்கிப் பிடித்தாள்.

முதல் சாலில் கருகருவென்று புரண்ட மண்ணிலிருந்து ஆவி எழுந்தது. டிராக்டர் திரும்பி வருவதற்குள் அந்தச் சால் வெளுத்துப்போனது. நான்காம் சாலில் குல்சுமின் சட்டை மார்பில் பால் கசிந்து நனைந்தது. வரப்பில் பிள்ளையோடு நின்ற ஹனிஃபே அவன் துணியைத் தூக்கி ஆட்டினாள். அது சொட்டிக்கொண்டிருந்தது. குல்சும் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே ஓட்டினாள்.

துர்சுன் தலைதெறிக்க ஓடி வந்தான். மண்டியிட்டு, புரண்ட மண்ணை இரண்டு கையாலும் இழுத்து மூடினான், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவது போல.

"நிறுத்துடி! இன்னும் ஆறே வாரம்! விதைச்சிருக்கலாம்!"

"ஆறு வாரம் பிள்ளை தாங்குமா?"

"நீயும் பிள்ளையும் டவுன்ல கிடந்த ரெண்டு நாளும் கம்பி ஒரு விரக்கடைகூட இறங்கல, தெரியுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அது அவனுக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"பிள்ளை இன்னொண்ணு பெத்துக்கலாம் குல்சும்," என்று கெஞ்சினான். டிராக்டருக்கு முன்னால் உழாத மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

குல்சும் அவனைச் சுற்றி வண்டியைத் திருப்பி, அடுத்த சாலைத் தொடங்கினாள்.