கடைசி வண்டி

மாகறல் போகும் சாலையில் ஆற்றுப் பாலத்தின் ஒரு பாதியை உடைத்துப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு வண்டி போகும் அகலம்தான் இருந்தது. காஞ்சிபுரம் பக்கத்து முனையில் கொடி பிடித்து நிற்கும் வேலை நதியாவுக்குக் கிடைத்தது. அதற்கு முன் அவள் ஜவுளிக்கடையில் இருந்தாள். அங்கேயும் நாள் முழுக்க நிற்பதுதான்; இங்கே காற்றாவது வரும் என்று வந்துவிட்டாள்.

பாலத்தின் நடுவில் மேடு. இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். இங்கிருந்து அனுப்பும் வரிசையில் கடைசி வண்டிக்காரர் கையில் பச்சை வண்ணம் அடித்த ஒரு கட்டையைக் கொடுக்க வேண்டும். அந்த முனையில் நிற்கும் சத்யராஜ் அதை வாங்கிய பிறகுதான் தன் பக்கத்தைத் திறப்பான். அவனுடைய கடைசி வண்டியில் கட்டை திரும்பி வரும். முன்பெல்லாம் போனில் பேசி வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள், அது சரிப்படவில்லை என்றார் மேஸ்திரி தணிகாசலம். என்ன சரிப்படவில்லை என்று அவள் கேட்டதற்கு, தண்ணீர் லாரி வந்துவிட்டதா பார் என்று வேறு யாரிடமோ பேசப் போய்விட்டார்.

ஒரு நாள் உச்சி வெயிலில், வரிசை முடிந்தது என்று அவள் சிவப்புக் கொடியை எடுக்கும்போது பழைய மொபெட் ஒன்று வந்து நின்றது. ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். நீலச் சட்டை. தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூல் பாவு ஒன்றை வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல முன்னால் வைத்திருந்தார்.

"நாந்தான் கடைசியாமா?"

"ஆமாண்ணா. இத்த அந்தாண்ட நிக்கறவரு கையில குடுத்துடுங்க."

அவர் கட்டையை வாங்கிக்கொண்டு மேடேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் சத்யராஜ் போன் செய்தான்.

"அக்கா, இன்னும் கட்டை வரலியே. யாரு கையில குடுத்த?"

"மொபெட்காரர். எப்பவோ தாண்டியிருப்பாரே."

"மொபெட்டு எதுவும் வரலக்கா."

இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. பேருந்துகள், பள்ளி வேன், மணமக்கள் படம் ஒட்டிய கார், எல்லாம் ஹாரனை அழுத்தின. நதியா பாலத்தின் மேல் ஓடினாள். மேட்டின் உச்சியில், தடுப்பு ஓரமாகக் கட்டை கிடந்தது. பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டாள். மொபெட் எதுவும் வரவில்லை என்றார்கள். கீழே எட்டிப் பார்த்தாள். மணலும் நாணலும்தான்.

அதே வாரத்தில் அவர் மறுபடி வந்தார். அதே சட்டை, அதே பாவு, அதே கேள்வி. கட்டை அதே இடத்தில் கிடந்தது. குனிந்து எடுத்தபோது அது வெயிலில் கிடந்த பொருளாக இல்லை. கிணற்றிலிருந்து எடுத்தது போலச் சில்லென்று இருந்தது.

அன்று டீக்கடையில் சத்யராஜை விடாமல் பிடித்துக்கொண்டாள். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அவரு பேரு பஞ்சாட்சரம். நான் நிக்கற பக்கம் நெசவாளர் தெருவுல வீடு. பெரிய காஞ்சிபுரத்துல பாவு வாங்கிக்கினு வந்துகினு இருந்தாரு. போன்ல தப்பாப் புரிஞ்சிக்கினு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வண்டிய விட்டுட்டாங்க. மேட்டு மேல லாரி மோதி அங்கியே போயிட்டாரு. அப்ப இங்க நின்னவங்க ரெண்டு பேருமே வேலைய விட்டுட்டாங்க. அப்புறம்தான் நான் வந்தேன், நீ வந்த."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிப்பியாக்கா?"

வீட்டில் கணவன் ராமராஜன் வேலையை விடச் சொன்னான். அவளுக்கும் பயம்தான். கட்டையைத் தொட்ட கையை எத்தனை முறை கழுவினாலும் அந்தக் குளிர் போகவில்லை. ஆனால் அந்த மனிதர் கேட்ட விதம் அவளை விடவில்லை. அதட்டலாக இல்லை, வீட்டுக்குப் போக அனுமதி கேட்பது போல இருந்தது. அடுத்த விடுமுறையில் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

அவர் மனைவி மஹாலட்சுமி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாலத்தில் கொடி பிடிப்பவள் என்று நதியா சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று நதியா தவித்துக்கொண்டிருக்கையில் அவளே கேட்டாள்.

"நீ பாத்தியாமா அவர?"

நதியா ஆமென்று தலையசைத்தாள்.

"எனக்குச் சத்தம் கேக்குது. மத்தியானத்துல அவரு வண்டிச் சத்தம். பாலத்து மேடு வரைக்கும் வருது, நின்னுடுது. யார்கிட்டனா சொன்னா பைத்தியம்னுவாங்க. சோத்தப் போட்டு வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கறேன்."

இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள்.

அவர் அடுத்து வந்த அன்று, நதியா கட்டையைக் கொடுப்பதற்கு முன்பே சத்யராஜுக்குப் போன் செய்தாள். "நான் அங்க வந்து சேர்ற வரைக்கும் ஒரு வண்டியும் விடாத. மஹாலட்சுமி அக்காவ வரச் சொல்லு." தன் பக்கத்தில் தடுப்பை இழுத்துக் குறுக்கே போட்டாள். முன்னால் நின்ற பேருந்தின் ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"இன்னாமா, பாலம் காலியாத்தான இருக்குது?"

அவள் கட்டையைப் பஞ்சாட்சரத்தின் கையில் கொடுத்தாள். மொபெட்டின் பக்கத்திலேயே நடந்தாள். மேட்டின் உச்சியில் அது நின்றது. பஞ்சாட்சரம் நேரே பார்த்தபடி சொன்னார்.

"எதிர்ல லாரி வருதுமா."

சாலையில் எதுவும் இல்லை. ஆனால் காலுக்கடியில் பாலம் அதிர்ந்தது. கனமான வண்டி ஒன்று ஏறி வருவது போல அதிர்வு நெருங்கிக்கொண்டே வந்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று நதியாவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"இல்லண்ணா," என்றாள். "எல்லா வண்டியும் நிறுத்தி வெச்சிருக்குது. நான் முன்னாடி நடக்கறேன். பின்னாடியே வாங்க."

சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் போய், அந்த அதிர்வை நோக்கி நடந்தாள். ஓர் இடத்தில் எண்ணெயும் ரப்பரும் கருகிய வாடை முகத்தில் மோதியது. கண்ணை மூடிக்கொண்டு அதைத் தாண்டினாள். அதிர்வு அடங்கிவிட்டது. பின்னால் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த முனையில் மஹாலட்சுமி நின்றிருந்தாள். அவள் நதியாவைப் பார்க்கவில்லை. நதியாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு, வண்டிக்கு வழிவிடுகிறவளைப் போல ஒரு அடி ஒதுங்கினாள். சத்தம் அவர்களைக் கடந்து நெசவாளர் தெருப் பக்கம் போயிற்று. மஹாலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் பின்னாலேயே வேகமாக நடந்தாள்.

சத்யராஜின் கையில் கட்டை இருந்தது.

"யாரு குடுத்தாங்க?" என்றாள் நதியா.

"தெரிலக்கா," என்றான். அவனுக்கு உதடு வெளுத்திருந்தது.

பாலத்தை வெறுமனே அடைத்து வைத்தாள் என்று யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். தணிகாசலம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வேறு யாரும் வர மறுத்ததால் சில நாளில் அவரே கூப்பிட்டு அனுப்பினார். பாலம் முழுதாகத் திறக்கும் வரை அவள் அங்கேதான் நின்றாள். நீலச் சட்டைக்காரர் வரவில்லை.

பாலம் திறந்த பிறகு ஒரு மத்தியானம் மஹாலட்சுமியைப் பார்க்கப் போனாள். அவள் முகம் இளைத்திருந்தது.

"வாசல் வரைக்கும் வந்தாருமா. வண்டிய ஸ்டாண்டு போட்ற சத்தம்கூட கேட்டுது. அவ்ளோதான். அப்புறம் வரவே இல்ல." வாசலைப் பார்த்தபடி சொன்னாள். "நல்லதுதான் பண்ண நீ. ஆனா முன்னெல்லாம் மத்தியானத்துல கேக்கறதுக்கு அது ஒண்ணாவது இருந்துச்சு."

மஹாலட்சுமி எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்துவந்தாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாலத்துச் சாலையில் பேருந்துகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.