மதகுக்குப் போகிற வழியில் ஒரு கேள்வி

முக்காலியையும் அளவுகோலையும் தோளிலும் மட்டம் பார்க்கிற கருவியைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு ஏலவார்குழலி சாலவாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, ஏரிக்கரையின் அடியில் ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். புது இன்ஜினியருக்கு மாலை போட வந்த கூட்டம் என்று ஒரு நொடி ஏமாந்துபோனாள். மாலை எதுவும் இல்லை. எல்லா முகத்திலும் வயிற்றுவலிக்காரனின் அவஸ்தைதான் இருந்தது.

காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பாலிடெக்னிக் முடித்து, வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய மேலதிகாரிக்கு அதுவே ஒரு மாதம் அதிகம். மழைக்கு முன்னால் கரையை உயர்த்தும் வேலை நடக்கிறது, இன்று மாலைக்குள் மதகின் மட்டத்தை எடுத்து வா, இல்லாவிட்டால் பெண்கள் வெளிவேலைக்கு லாயக்கில்லை என்று மேலே எழுதிவிட்டு உன்னை ஆபீஸில் படம் நகலெடுக்க உட்கார்த்திவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மூலை மேசையை அவள் பார்த்திருந்தாள். பக்கத்திலேயே தண்ணீர்ப் பானை. வருகிறவனெல்லாம் டம்ளரை அவளிடம்தான் கேட்பான்.

ஏரிப் பாசனத்தாரின் தலைவர் நமச்சிவாயம் முன்னால் வந்தார். வெயில் ஜாஸ்தி என்றார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்றார். பிறகு, கரைமேல் ஏழு கன்னிமார் குடியிருக்கிறார்கள், சுத்தபத்தமான இடம் என்று சொல்லிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவள் சரி என்று செருப்பைக் கழற்றினாள். அவர் வழியை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மாதவிலக்காகித் தூரமான பெண் மிதித்தால் கரை உடைந்துவிடும் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. கேட்டுவிட்டுத்தான் மேலே விட வேண்டும். கேட்கத்தான் ஓர் ஆம்பளைக்கும் வாய் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு அன்று இரண்டாம் நாள். இல்லை என்று ஒரு பொய் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் இங்கே பதில் சொன்னால் அடுத்த ஏரியிலும் கேட்பார்கள், அதற்கடுத்த மாதம் ஆபீஸ் வாசலில் பியூன் கேட்பான். ரிட்டயர் ஆகிறவரை கண்டவனுக்கெல்லாம் மாதாமாதம் கணக்கு ஒப்பிக்க வேண்டுமா? வாயைத் திறந்து கேட்கட்டும், பார்க்கலாம் என்று பனைமர நிழலில் முக்காலியை ஊன்றிக் கருவியை அதன்மேல் பொருத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற வேதகிரியை அனுப்பினார்கள். அவர் வந்து தலையைச் சொறிந்து, உடம்பு நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு என்றாள். அவர் திரும்பிப் போய் அதை அப்படியே சொல்லித் திட்டு வாங்கினார்.

அடுத்து நமச்சிவாயத்தின் மனைவி சாமுண்டீஸ்வரி மோர்ச்சொம்போடு வந்தாள். கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தன் வீட்டுக்காரர் வேட்டியோடு தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து, மோர் சிந்தச் சிந்தச் சிரித்தாள். வந்த காரியத்தைக் கேட்காமலே போனவள், புருஷனிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

“எனக்கு வேற வேலை இல்லியா? நீங்களே போய்க் கேளுங்க.”

வெயில் சாய்ந்தது. குழலிக்கு அடிவயிற்று வலியோடு பயமும் சேர்ந்துகொண்டது. அந்தத் தண்ணீர்ப் பானை கண்முன்னால் வந்து வந்து போனது. பொய்யைச் சொல்லித் தொலைக்கலாமா என்று எழுந்தேவிட்டாள்.

அந்த நேரத்தில் கரைமேலிருந்து செல்லாயி கூடையோடு இறங்கி வந்தாள். மண் சுமக்கிற பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. மட்டம் வைக்காமல் மண் எங்கே கொட்டுவது, சும்மா நின்றால் கூலி யார் கொடுப்பது என்று கத்திக்கொண்டே வந்தவளின் காதில் வேதகிரி விஷயத்தை ஓதினார்.

“இதுக்கா இம்மாம் நேரம்?” செல்லாயி நமச்சிவாயத்துக்கு முன்னால் போய் நின்றாள். “ஐயா, கோடையிலேர்ந்து இந்தக் கரைமேலதான் மண்ணு கொட்டிக்கினு கீறோம். எங்கள எவனாவது கேட்டீங்களா?”

உங்க கதை வேற என்றார் அவர்.

“இன்னா வேற? எங்களுக்கு மட்டும் வராதா? இப்பக்கூட மேல நாலு பேரு அப்பிடித்தான் கீறாளுங்க. கரை நிக்குதா இல்லியா, நீங்களே பாருங்க. அந்த ஏழு கன்னிங்களும் பொம்பளிங்கதான? மொதல்ல அவங்கள எறக்கி வுடுங்க.”

பெரிய மனிதர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கரை நின்றுகொண்டுதான் இருந்தது. செல்லாயி கூடையை அவர்கள் காலடியில் வைத்தாள்.

“இல்ல, சாமி குத்தம் ஆயிடும்னா சொல்லுங்க. நாங்க எல்லாம் எறங்கிடறோம். மிச்ச மண்ண நீங்க சொமந்துக்கோங்க.”

எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டார்கள். நமச்சிவாயம் வானத்தைப் பார்த்தபடி வழியை விட்டு விலகினார்.

“பாத்து ஏறுங்கம்மா. கல்லு வழுக்கும்.”

இவள் மேலே என்ன பண்ணுகிறாள் என்று பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே வந்துவிட்டார். குழலி கருவியைக் கரைமேல் ஊன்றிவிட்டு, வந்தவர் கையில் அளவுகோலைக் கொடுத்து, மதகுக்கல்லின்மேல் நேராக நிறுத்திப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தாள். கருவியிடம் திரும்புமுன் குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயா கடைசிவரைக்கும் கேக்கவே இல்லியே. எனக்கு இன்னிக்கி ரெண்டாம் நாளு.”

திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய்க் கருவியில் கண்ணை வைத்தாள். கோலைப் போட்டுவிட்டு ஓட அவரால் முடியவில்லை. கீழே ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கரை உடைகிறதா என்று காலடியில் காதை வைத்தவர் மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லோடு கல்லாக நின்றார்.

அவ்வளவு ஆடாமல் அளவுகோல் பிடித்த ஆளை அவள் பாலிடெக்னிக்கில்கூடப் பார்த்ததில்லை.