ஜமீனுக்கு அருள் வந்த கதை

சின்னாளபட்டியில் தறிக்காரர்கள் தெரு. அங்கே பிள்ளையார் கோயில் தூணை ஒரு கிழட்டுப் பூனை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பேர் ஜமீன்; ஊரார் பாலையெல்லாம் தன் பாலாக நினைத்ததால் வந்த பேர். சுற்றி முடித்ததும் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நிற்கும்.

தெருவுக்கே புல்லரித்தது. கோயில் கமிட்டித் தலைவர் வீரப்பன், "வெள்ளிக்கிழமை ஜமீனுக்கு மாலை போடுறோம்ப்பா" என்று அறிவித்தே விட்டார்.

அதை வளர்த்த சூர்யகலாவுக்கு மட்டும் புல்லரிக்கவில்லை. அதே பக்தியோடு அது வீட்டுக் கக்கூஸையும் சுற்றியதை அவள் பார்த்திருந்தாள். தட்டில் இடப்பக்கச் சோற்றை மட்டும் தின்னும்; தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் தின்னும். வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.

"டாக்டர்ட்ட காட்டிட்டு வாரேன்" என்றாள் புருஷன் கமலக்கண்ணனிடம்.

"சாமிக்குன்னு சொன்னத ஊசி குத்தக் கூடாது. வெள்ளி கழியட்டும்."

"எடது பக்கமா சுத்துறதையா சாமி கேட்டுச்சு?"

"பூனைக்கு எடது வலது தெரியுமாடி?"

"சாமி மட்டும் தெரியுமாக்கும்."

வெள்ளிக்கிழமை கழுத்தில் மாலை விழுந்ததும் ஜமீன் சரிந்தது. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை.

"அருள் வந்திருச்சு" என்றார் வீரப்பன். யாரோ சூடம் கொளுத்தினார்கள். அவர் குனிந்து பவ்யமாகக் கேட்டார்: "சாமி, எம்மகனுக்கு இந்த வருசம் பொண்ணு அமையுமா?"

ஜமீன் மூத்திரம் போனது.

"சொல்லிருச்சுல்ல, தள்ளுங்க" என்றாள் சூர்யகலா. இழுப்பு அடங்கியதும் சுங்குடிச் சேலையில் அதைச் சுருட்டி எடுத்தாள். கமலக்கண்ணன் வண்டியை எடுத்தான்.

திண்டுக்கல்லில் டாக்டர் பவித்ரா வலக்கண் பக்கம் கையை ஆட்டிப் பார்த்தார். ஜமீன் இமைக்கவில்லை.

"மூளையில எடப்பக்கம் கட்டி இருக்கும்போலக்கா. ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதி. கட்டி இருக்கிற பக்கமாத்தான் பெரும்பாலும் சுத்தும். சுவத்துல முட்டுறதும் அதனாலதான்."

"பொழைக்குமா?"

"வீக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை தாரேன். கொஞ்ச நாள் நல்லா இருக்கும். கட்டி கரையாது."

மாத்திரையில் சுற்றல் நின்றது. வீரப்பன் வாசலுக்கு வந்து, "திருவிழா அன்னைக்கு மட்டும் மாத்திரைய நிறுத்தினா பழையபடி சுத்துமாம்மா?" என்றார்.

"முதல்ல உங்க தலைய ஸ்கேன் எடுங்கண்ணே."

அன்றைக்கு ஜமீன் திருப்பி வைக்காமலே தட்டு முழுதும் நக்கியது. மறுபடி திருப்பி வைக்கும் நாள் வரும் என்று சூர்யகலாவுக்குத் தெரியும். அதனால், சற்று நேரம் கழித்து அது வீரப்பன் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்ததைப் பார்த்தும், பார்க்காதவள்போல் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.