இரண்டாவது ஸ்கேன்

ஏசி மெக்கானிக் செல்வசிங் துபாய் சத்வாவில் மனைவி சுபிஷாவோடு ஒற்றை அறையில் குடியிருந்தான். 2008 மார்ச்சில் அவளுக்கு ஐந்தாம் மாதம். அப்போதுதான் லிஜோ அபுதாபி பக்கத்து ருவைஸிலிருந்து வந்து அவர்களோடு தங்கினான். குளச்சலில் ஒரே தெருக்காரன். செல்வசிங்கைவிட ஆறு வயது இளையவன். எண்ணெய் ஆலையில் வெல்டர்.

லிஜோவின் கழுத்தில் வந்த கட்டி லிம்போமா என்று தெரிந்திருந்தது. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். உடம்பில் அது எதுவரை போயிருக்கிறது என்று பார்த்த பிறகே மருந்தை முடிவு செய்ய முடியும் என்று அபுதாபி டாக்டர் அவனைத் துபாய்க்கு, பெட் ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். நோய் இருக்கும் இடங்கள் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும்.

ஸ்கேன் முடிந்து மதியம் திரும்பியவன் வாசலிலேயே நின்றான்.

"இன்னைக்கு ஒரு நாளு மாசமா இருக்கவங்க பக்கத்துல போவக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்க அண்ணே. நான் வெளிய இருந்துக்கிடுதேன்."

அந்தக் கதிர்வீச்சு வயிற்றுப் பிள்ளையை ஏதாவது செய்துவிடுமோ என்று செல்வசிங் பயந்தான். மறுநாள் கம்பெனி வண்டி வரும்வரை லிஜோ தங்குவதாகத்தான் பேச்சு. ஆனால் திடீரென்று விருந்தாளிகள் வருகிறார்கள் என்று செல்வசிங் பொய் சொன்னான். பையை எடுத்துக் கொடுத்து, பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டும் வந்தான். ஸ்கேனுக்காக முந்தின ராத்திரியிலிருந்து லிஜோ ஒன்றும் சாப்பிடவில்லை என்பது பஸ் போன பிறகுதான் உறைத்தது. சுபிஷா மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தாள். அவசர டியூட்டி என்று போய்விட்டான் என அவளிடம் சொல்லிவிட்டு, லிஜோ படுத்த பாயையும் தலையணையையும் சாப்பிட்ட தட்டையும் அவளுக்குத் தெரியாமல் கீழே குப்பை டிரம்மில் போட்டான்.

நோய் கழுத்திலும் நெஞ்சிலும் மட்டும் இருக்கிறது, இரண்டாம் நிலை என்று பிறகு ஊர்க்காரர்கள் மூலம் கேள்விப்பட்டான். மே மாதக் கடைசியில் லிஜோவின் எண் போனில் இரண்டு தடவை வந்தது. செல்வசிங் எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில், ஸ்கேன் பிரிவு நர்ஸ் சுகிர்தராணி போனில் கூப்பிட்டாள். துபாயில் தொடர்புக்கு லிஜோ இந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தானாம். இரண்டாவது ஸ்கேனுக்கு ஏழு மணிக்கு வரவேண்டியவன் வரவில்லை. அவனுக்கென்று வரவழைத்த ஊசி மருந்து மதியத்துக்குள் வீணாகிவிடும். இரண்டு சுற்று கீமோ கேட்டிருக்கிறதா என்று இந்த ஸ்கேனில் பார்க்காமல் டாக்டர் மேற்கொண்டு எதையும் முடிவு செய்யமாட்டார்.

செல்வசிங் குரலைத் தாழ்த்தி, அந்தக் கதிர்வீச்சு எத்தனை நாள் உடம்பில் இருக்கும் என்று கேட்டான்.

"மறுநாளே ஒண்ணும் இருக்காது. வியாதியும் ஒட்டாது. அன்னைக்கு ஒரு பொழுது தள்ளி இருந்தாப் போதும். நான் அவர்ட்ட சொல்லித்தானே அனுப்பினேன்?"

ஆமாம், சொன்னான் என்றான் செல்வசிங். பக்கத்தில் நின்ற சுபிஷா என்னவென்று கேட்டாள். பாயைப் போட்டது உட்பட எல்லாவற்றையும் சொன்னான்.

"போய் கூட்டிட்டு வாங்க" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ருவைஸுக்கு வண்டி ஓட்டினான். தொழிலாளர் கேம்ப் அறையில் லிஜோ தலைமுடியெல்லாம் கொட்டி, பாதி ஆளாகக் கிடந்தான். செல்வசிங்கைப் பார்த்ததும் எழுந்து உட்கார இடம் ஒதுக்கினான். ஸ்கேனுக்கு ஏன் போகவில்லை என்று செல்வசிங் கேட்கும் முன்பே அவனே சொன்னான்.

"காலையில ஏழு மணிக்கு அங்க நிக்கணும். முந்தின நாளே வந்து எங்கயாவது கிடக்கணும்லா. அதான் ஒங்களுக்குப் போன் அடிச்சேன்."

போன் சைலண்டில் இருந்தது என்று சொல்ல நினைத்து வந்த செல்வசிங், "பார்த்தேன் மக்கா. வேணும்னுதான் எடுக்கல" என்றான்.

"தெரியும் அண்ணே. அன்னைக்கு மருந்துச் சீட்ட மறந்துட்டேன்னு அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி வந்தேன். டிரம்முல பாயைப் பார்த்தேன். மேல ஏறல."

அவன் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். செல்வசிங் தலைகுனிந்து, தப்பு பண்ணிட்டேன் என்று மட்டும் சொன்னான். லிஜோ குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

புதுத் தேதி பதினோரு நாள் தள்ளிக் கிடைத்தது. செல்வசிங் லீவு போட்டுக் கூட்டி வந்தான். வீட்டில் தங்க லிஜோ சம்மதிக்கவில்லை. நண்பன் ஒருவனின் அறையில் தங்கிக்கொண்டான்.

முடிவைக் கேட்க அபுதாபிக்கும் செல்வசிங்தான் கூட்டிப் போனான். டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் போட்டார். மார்ச் மாதப் படத்தில் கழுத்திலும் நெஞ்சிலும் ஒளிர்ந்த இடங்கள் புதிதில் இல்லை. கடுமையான மருந்து தேவையில்லை. இன்னும் இரண்டு சுற்று, பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் ரேடியேஷன் போதும் என்றார். பிறகு செல்வசிங்கை அண்ணன் என்று நினைத்து, ஸ்கேன் தள்ளிப்போனதில் கீமோவும் தள்ளிப்போய்விட்டது, ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று கண்டிப்பாகக் கேட்டார்.

செல்வசிங் வாயைத் திறப்பதற்குள் லிஜோ முந்திக்கொண்டான்.

"பஸ் கிடைக்கல டாக்டர். அண்ணன் மேல தப்பில்ல."

செல்வசிங் அதை மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

செப்டம்பரில் ரேடியேஷனும் முடிந்து லிஜோ வேலைக்குத் திரும்பினான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்லிப் போன் செய்தான். ஜூலையில் பிறந்த குழந்தையைப் பற்றிக் கேட்டான். டாக்டர் முன் அவன் சொன்ன பொய் நினைவில் உறுத்த, செல்வசிங் எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, போனைச் சுபிஷாவிடம் கொடுத்துவிட்டான்.