அறுபத்தொரு பேர் சபை

போதகர் தேடும் குழுவுக்குத் தையல்காரம்மாவைத் தலைவியாகப் போட்டபோது சபையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவளுக்குத்தான் இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. அந்த இரண்டு நாளும் வந்த துணியெல்லாம் ஓர் அங்குலம் தாராளமாகவே தைக்கப்பட்டது.

பாப்டிஸ்ட் சபைக்கு மேலிடம் என்று ஒன்று கிடையாது. பிஷப் வந்து ஆளை நியமித்துவிட்டுப் போகிற பேச்செல்லாம் அங்கே இல்லை. போதகர் வேண்டுமென்றால் சபையே தேட வேண்டும், சபையே அழைத்துப் பிரசங்கம் கேட்க வேண்டும், சபையே ஓட்டுப் போட வேண்டும். நாலில் மூன்று பங்கு ஓட்டு விழுந்தால்தான் அழைப்பு. பழைய போதகர் வயதாகி மகள் வீட்டோடு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயலும் மாட்டுக்கொட்டகையுமாக இருக்கிற அந்த ஊருக்கு வர ஆள் கிடைக்கவில்லை.

தையல்காரம்மா ஒரு போதகருக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு, கர்த்தர் வேறு வழி காட்டினார் என்று பதில் வந்தது. வேறொரு போதகருக்கு எழுதிய இரண்டாவது கடிதத்துக்கும் கர்த்தர் வேறு வழிதான் காட்டினார். அதென்னவோ, கர்த்தர் காட்டுகிற வழியெல்லாம் பெரிய சபை இருக்கிற டவுன் பக்கமாகவே போனது. இரண்டு கடிதத்திலும் அவள் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள்: உறுப்பினர்கள் அறுபத்தொரு பேர். அந்த வரியைத் தாண்டி அவர்கள் படிக்கவே இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

இதற்குள் சபையில் சிலர், டவுன் சபைக்குக் கிளையாகச் சேர்ந்துவிடலாமே, மாதம் இரண்டு ஞாயிறு ஆளை அனுப்புவார்களே என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். கிளையா? கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்றாவது கடிதத்தில் அறுபத்தொன்று என்று எழுதப்போன கை, நூற்று நாற்பது என்று எழுதியது. குழுவில் மற்ற நான்கு பேரும், எழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாமவர் வருகிறேன் என்று எழுதினார். வருகிறவர் நூற்று நாற்பது பேரை எதிர்பார்ப்பாரே என்று அவள் கணக்குப் போட்டாள்.

அடுத்து அவள் செய்த காரியத்தை அவளால்தான் செய்ய முடியும். வீடு வீடாகப் போய், புதுப் போதகர் பார்க்க வருகிற நாளில் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். சாப்பாடு உண்டு என்றும் சொன்னாள். கடித விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் புருஷன் பால்வண்டி ஓட்டுபவன். சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். அன்று காலை பால்வண்டியில் மூன்று நடை அடித்து ஆள் இறக்கினான்.

"கல்யாணத்துக்குக்கூட நம்ம பக்கம் இவ்வளவு பேர் வரலடி" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. ஒரு தலை கூடும்."

ஆராதனை அமர்க்களமாக நடந்தது. பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. பாட்டுத் தெரியாத மச்சினன்மாரும் ஓரகத்திகளும் வாயை மட்டும் அசைத்தார்கள். வந்த போதகருக்கு நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். பெரிய குரலெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பேசுவதுபோலப் பிரசங்கம் செய்தார். பிரசங்க நேரத்தில் தூங்குவதற்கென்றே வருகிற பம்புசெட்டு மெக்கானிக், கடைசிவரை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். இவர்தான் என்று தையல்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பெருமையில் தோள் நிமிர்ந்தது.

அப்போதுதான் சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற மூத்த டீக்கன் எழுந்தார். எழுபது வயதுத் தச்சர். சபைச் சட்டப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இப்ப ஓட்டெடுப்பு. சட்டப்படி ஆராதனை முடிஞ்ச கையோட நடக்கணும். உறுப்பினர்கள் மட்டும் உள்ள இருங்க. போதகரும் மத்தவங்களும் தயவுசெஞ்சு கொஞ்சம் வெளிய இருங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியாக ஒரு போதகருக்கு ஓட்டுப் போட்டுப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. இந்த விதி அவள் நினைவிலேயே இல்லை.

சொந்தக்காரர்கள் எழுந்தார்கள். முன் பெஞ்சு காலியானது. அடுத்தது பாதி. ஜன்னலோரம் ஒரு வரிசை முழுக்கக் கிளம்பியது. அவள் புருஷன், போகிற போக்கில் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான். போதகர் கதவோரம் ஒதுங்கி எல்லாருக்கும் வழிவிட்டு நின்றார். ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவழியாக எல்லாரும் போன பிறகு, மிச்சம் இருந்தவர்களை அவர் ஒரு தடவை பார்த்தார். பிறகு தையல்காரம்மாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வெளியே திரும்பினார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஓட்டு விழுந்திருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றும் கேட்காமல் போகிற அந்த முதுகை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஐயா, நில்லுங்க!" என்று எழுந்தாள். "நூத்தி நாப்பதுன்னு எழுதினது நான். அது பொய். இதோ இருக்காங்களே, இவ்வளவுதான் எங்க சபை. மத்தவங்களை நான்தான் வரச்சொன்னேன். குழுவுல யாருக்கும் தெரியாது, படிக்காமலே கையெழுத்துப் போட்டாங்க."

"படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்று குழுவில் ஒருவரான ஓய்வுபெற்ற வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

தச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அறுபத்தொண்ணுன்னு எழுத உனக்கு வெக்கமா இருந்துச்சா?"

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டிருந்தால் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டிருப்பாள். இது நெஞ்சில் நேராக இறங்கியது. அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன.

"வெக்கமா? எனக்கா? என்ன கேள்விண்ணே இது?" அவள் போதகர் பக்கம் திரும்பினாள். "ஐயா, ரெண்டு வருஷமா எங்களுக்குப் போதகர் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை இந்தக் கதவு பூட்டிக் கிடந்ததில்ல. இதோ இந்த வெல்டர் தம்பிக்குப் பத்துப் பேர் முன்னால நின்னா நாக்கு குழறும். பதினோரு வாரம் பிரசங்கம் பண்ணாரு. முதல் வாரம் நாங்க சிரிப்பை அடக்குனோம், பதினோராவது வாரம் அழுகையை அடக்குனோம். காத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போனப்ப இந்தத் தச்சர் அண்ணன்தான் மேல ஏறினாரு. இறங்குங்கன்னு நாங்க கீழ நின்னு கத்துறோம், மனுஷன் ஆணி கேக்குறாரு! மாவு மில்லுக்காரம்மா இறந்தப்ப யார் அடக்கம் பண்றதுன்னு தெரியாம முழிச்சோம். வாத்தியார் புத்தகத்தை எடுத்து வாசிச்சாரு. பாதியில குரல் உடைஞ்சு போச்சு. மீதியை எல்லாரும் சேந்து வாசிச்சு அந்தம்மாவை அனுப்பி வச்சோம். ஞானஸ்நான அங்கிக்கு இவங்கள்ல பாதிப் பேருக்கு அளவெடுத்தவ நான். எனக்குத் தெரியாதா இவங்க அளவு?"

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எண்ணிக்கையைப் பாத்துட்டு ரெண்டு பேர் வராமலே இருந்துட்டாங்க. நேர்ல பாத்தா எங்களை விட்டுப் போகமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நேர்ல பாக்க வைக்கத்தான் பொய் சொன்னேன். தப்புதான். இந்தத் தலைவி வேலையை இப்பவே வேணும்னாலும் எடுத்துக்கங்க. ஆனா வெக்கம்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க."

வெல்டர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், காது சிவந்திருந்தது. தச்சர் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

போதகர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீங்க சொல்றதைக் கேட்டா இந்தச் சபைக்குப் போதகரே தேவையில்ல போலிருக்கே."

"தேவைன்னு யாருங்க சொன்னது?" என்றாள் அவள், யோசிக்காமலே. "வேணும்னு கேக்குறோம்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். போதகர் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க ஓட்டுப் போடுங்க. நான் வெளிய இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன தினுசைப் பார்த்தால், முடிவைக் கேட்டுவிட்டு மரியாதையாகக் கிளம்பிவிடுவார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

சீட்டுகள் பெட்டியில் விழுந்தன. வாத்தியார் ஒரு தடவை எண்ணினார். இந்த முறை எதையும் படிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தவர்போல, ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடி எண்ணினார். பிறகு எழுதிய தாளைத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். முடிவைச் சொல்ல வேண்டியது தலைவி. வேலையை அவளிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கதவைத் திறந்தாள். சொந்தக்காரர்கள் மரநிழலில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். போதகர் பால்வண்டிப் படியில் உட்கார்ந்து அவள் புருஷனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"எத்தனைம்மா?"

"அறுபத்தொண்ணு!" தெருமுனை வரை கேட்கும்படி சொன்னாள். அந்த எண்ணை அவள் இவ்வளவு உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. "மொத்தமே அறுபத்தொண்ணு. அத்தனையும் உங்களுக்குத்தான்."

போதகர் அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். "இதையே லெட்டர்ல எழுதியிருக்கலாமேம்மா."

"எழுதியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"வந்திருக்கமாட்டேன்" என்றார். "இப்ப போக மனசு வரல."