எத்தனை வேண்டும்

சவப்பெட்டிக் கடையின் இணையப் பக்கத்தை இன்ஜினியர் மறுபடியும் மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிப் பார்த்தார். எத்தனை வேண்டும் என்று கேட்கும் கட்டம் எங்கேயும் இல்லை.

மச்சினன் வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன் ஆஸ்பத்திரியில் இருந்தான். விடிகாலையிலிருந்து அவனை அவன் என்று சொல்லாமல் ‘பாடி’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மதியத்துக்குள் சொல்லிவிட்டால் நாளைக் காலை பெட்டி அங்கே போய்ச் சேரும். இல்லாவிட்டால் அவன் இன்னும் ஒரு நாள் அந்தக் குளிர் அறையில் கிடக்க வேண்டும்.

“பெட்டியை நான் பாத்துக்கறேன். யாரும் கவலைப்பட வேண்டாம்” என்று கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தவர் இன்ஜினியர்தான். வாழ்நாளில் போன் வழியாக ஒரு செருப்புகூடத் தனியாக வாங்கியதில்லை என்ற விவரம் அந்த அறிவிப்பில் இடம்பெறவில்லை. எந்தக் கடை என்பதை மச்சினன் மனைவி சொல்லிவிட்டாள். “அந்தக் கடைதான் அண்ணா. அவரே சொல்லி வச்சிருந்தாரு.” ஏன் என்று கேட்கிற நிலையில் அவளும் இல்லை, அவரும் இல்லை.

பாலம் கட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஆற்றுக்கு மேல் நின்று பழகியதாலோ என்னவோ, தரையில் நிற்கும் மனிதர்களோடும் கொஞ்சம் மேலிருந்துதான் பேசுவார். மச்சினன் செய்த வேலை அவருக்குக் கடைசிவரை வேலையாகவே படவில்லை. இணையக் கடைகளில் ஒரு பொருளைத் தொட்டதும் திறக்கும் பக்கம் இருக்கிறதே, அதில் படம் எங்கே, விலை எவ்வளவு பெரிதாக, ‘வாங்கு’ என்ற பொத்தான் எந்த மூலையில் என்று தீர்மானிக்கிற வேலை. ‘பொத்தான்’ என்று பெயர் வைத்தது இன்ஜினியர்தான். சொந்தபந்தம் முழுக்க அது ஒட்டிக்கொண்டது.

“என்ன மாப்ள, இன்னிக்கு எத்தனை பொத்தானை நகர்த்தினே?”

“ஒண்ணுதான் மாமா. அதுவும் ஒரு நகக்கண் அளவு.”

“என் பாலம் விழுந்தா பஸ்ஸோட போயிடுவாங்க. உன் பொத்தான் விழுந்தா?”

“சத்தம் வராது மாமா. அதான் கஷ்டம்.”

சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அவன் கோபித்துக்கொண்டதே இல்லை என்பதில் இன்ஜினியருக்கு உள்ளூர ஒரு குறை.

இப்போது அவர் அந்தப் பக்கத்தைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். சாவு வீட்டை ஏமாற்றுவது சுலபம் என்பது அவர் கட்சி. ‘இரண்டே பாக்கி, முந்துங்கள்’ என்று ஏதாவது மின்னும் என்று எதிர்பார்த்தார். எதுவும் மின்னவில்லை. வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்கள் இல்லை. விலை குறைந்த பெட்டிதான் முதலில் இருந்தது. அதைச் சாதாரணம் என்றோ சிக்கனம் என்றோ அவமானப்படுத்தாமல், மரத்தின் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். படத்தில் பெட்டி மூடியிருந்தது. பக்கத்தில் வெறுமனே ஒரு நாற்காலி. அது எதற்கு என்று யோசித்தவருக்குச் சட்டென்று புரிந்தது: பெட்டியின் நீளத்தை எண்ணாகப் படிக்காமலே கண்ணால் தெரிந்துகொள்ளலாம். கீழே ஒரு வரி: ‘கைப்பிடிகள் அகலமானவை. தூக்குகிறவர்களுக்குக் கை வலிக்காது.’

அவருடைய மூக்குக் கண்ணாடி ஆஸ்பத்திரியிலேயே விட்டுப்போயிருந்தது. இருந்தும் எல்லாம் படிக்க முடிந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை.

அவர் மனைவி தண்ணீர் எடுக்க வந்தாள். இறந்தவன் அவளுக்கு ஒரே தம்பி. அழுது அழுது அவள் முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“என்னங்க, முடிஞ்சுதா?”

“பக்கத்துல ஒரு கோளாறு இருக்கு.”

“உங்க கண்ணுக்கு எதுலதான் கோளாறு இல்ல” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்காமலே போனாள்.

ஆனால் கோளாறு இருக்கத்தான் செய்தது. எல்லாக் கடையிலும் எண்ணிக்கைக் கட்டம் உண்டு, கூட்டவும் குறைக்கவும். இங்கே மறந்துவிட்டார்கள். காலையிலிருந்து முதன்முறையாக இன்ஜினியருக்குத் தெம்பு வந்தது. கட்டைவிரல் இருந்த இடத்திலேயே கடையின் போன் எண் இருந்தது. தொட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“சொல்லுங்க சார்.”

“உங்க பக்கத்துல ஒரு தப்பு இருக்கும்மா. எத்தனை வேணும்னு போடறதுக்கு இடமே இல்ல. நான் இன்ஜினியர், அதனால சொல்றேன். இதெல்லாம் அடிப்படை.”

“சரி சார்.” மெதுவாகக் கேட்டாள். “எத்தனை வேணும் சார் உங்களுக்கு?”

இன்ஜினியர் வாயைத் திறந்தார். ‘ஒன்று’ என்பது சின்னச் சொல்தான். அது தொண்டையைத் தாண்டி வரவில்லை.

பிறகு அவளே பேசினாள்.

“முன்னாடி இருந்துச்சு சார் அந்தக் கட்டம். இந்தப் பக்கத்தைச் செஞ்சவரு எங்ககூட உக்காந்து போன் எடுத்தாரு. வாங்க வர்றவங்க எந்த இடத்துல பாதியில விட்டுட்டுப் போயிடறாங்கன்னு பாத்தாரு. பெட்டியைப் பாத்து யாரும் போகல. விலையைப் பாத்தும் போகல. அந்தக் கட்டத்துக்கிட்ட வந்ததும் நின்னுடறாங்க. முதலாளி எடுக்க விடல, எல்லாக் கடையிலயும் இருக்கேன்னாரு. அதுக்கு அவரு, ‘சோப்புக் கடைக்கு வர்றவன் மூணு வாங்குவான். இங்க வர்றவங்களுக்குப் போனது ஒரே ஆள்தான் சார்’னு சொன்னாரு. விடாம சண்டை போட்டு எடுத்தாரு.”

“யாரு அவரு?” என்றார் இன்ஜினியர்.

“வெளி ஆபீஸ்காரரு சார். ஒல்லியா, நெட்டையா இருப்பாரு. மூக்குக் கண்ணாடியைத் தலையில ஏத்தி வச்சுக்கிட்டு மேசை மேசையாத் தேடுவாரு.”

“ஆமா” என்றார். “தேடுவான்.”

“உங்களுக்குத் தெரியுமா சார்? எப்படி இருக்காரு இப்போ?”

ஃப்ரிட்ஜ் ஒரு முறை குலுங்கி நின்றது. கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இப்படிப்பட்ட மௌனங்களைக் கேட்பதுதான் அந்தப் பெண்ணுக்கு வேலை. அவள் மறுபடி கேட்கவில்லை.

“சார்” என்றாள் கடைசியில். “அளவு எதுவும் நீங்க போட வேண்டாம். நான் அவரைப் பாத்திருக்கேன்.”

போனை வைத்தபின் இன்ஜினியர் பக்கத்தை உச்சியிலிருந்து ஆரம்பித்தார். புதுப் பாலத்தைத் திறப்பதற்கு முன் மணல் லாரிகளை அதன்மேல் வரிசையாக நிறுத்துவார்கள். அவர் அடியில் போய் நின்று, எவ்வளவு வளைகிறது என்று அண்ணாந்து பார்ப்பார். அப்போது வாய் தானாக மூடிக்கொள்ளும். இப்போதும் மூடிக்கொண்டது. நாற்காலியை வைத்தவன் அவன். கைப்பிடியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தவன் அவன். எத்தனை வீட்டிலிருந்து எத்தனை பேர் கண் தெரியாமல் இதன்மேல் ஏறி வந்திருப்பார்கள்! அவரும்தான் வந்திருக்கிறார், காலடியில் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல். ஓர் இடத்திலும் அது வளையவில்லை.

பொத்தான் அகலமாக இருந்தது. நடுங்குகிற விரல் எங்கே பட்டாலும் அது பொத்தானாகவே இருந்தது. அழுத்தினார்.

நன்றியோ வாழ்த்தோ வரவில்லை. வேறு எதையும் வாங்கச் சொல்லிக் கேட்கவில்லை. வெள்ளைத் திரையின் நடுவில் ஒரே ஒரு வரி: ‘இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’

“அண்ணா, ஆச்சா?” மச்சினன் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

தலையை ஆட்டினார். ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி, சுவரோரம் அவளுக்கு இடம் விட்டார். அவள் தரையில் உட்கார்ந்தாள். போனை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். திரை மங்கத் தொடங்கும்போதெல்லாம் விரல் நுனியால் தொட்டு, அதை அணையவிடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.